பக்கத்து அடுப்பின் நெருப்பு

(தம்பானூரில் உள்ள ஒரு கற்றல் மையத்தில், ஆற்றுக்கால் பொங்காலைக்குச் சில நாட்களுக்கு முன் தொண்டர் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)

 

இன்னும் ஆறு நாளில் பொங்காலை. நம் தெருவில் செங்கல் வந்து இறங்கிவிட்டது. சாலைக் கடைத்தெருவில் மண்பானை மலைபோல் குவிந்து கிடக்கிறது. நடைபாதையில் சாக்குக்கட்டியால் பெயர் எழுதி இடம் பிடிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

நேற்று நம் வகுப்பில் படிக்கும் ஓர் அக்கா வேகமாக வந்தார். "டீச்சர், பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ரோட்டில பேரா எழுதி வச்சிருக்காங்க. எல்லாம் மலையாளம். ரெண்டு பேரு மட்டும் தமிழ். ரெண்டையும் நானே வாசிச்சிட்டேன்" என்றார். அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அந்த இரண்டு பெயர்களைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

பொங்காலை எப்படி இடுவது என்று நான் உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. எனக்கு இருபத்தைந்து வயதுதான் ஆகிறது. பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள். உங்களில் பலர் நான் பிறக்கும் முன்பே பொங்காலை இட்டவர்கள். ஆனால், ஏன் பொங்காலை இடுகிறோம்? அதன் உள்ளே இருக்கும் பொருள் என்ன? இன்று அதைப் பற்றிப் பேசுவோம்.

பத்து நாள் திருவிழா

ஆற்றுக்கால் பகவதி அம்மன் கோவில் நம் தம்பானூரிலிருந்து அதிக தூரம் இல்லை. கிழக்கே கோட்டையைத் தாண்டி நடந்தே போய்விடலாம். பக்கத்தில் கிள்ளியாறு ஓடுகிறது.

மாசி மாதத்தை ஒட்டி இந்தத் திருவிழா வருகிறது. மலையாளத்தில் அந்த மாதத்தைக் கும்பம் என்பார்கள். கார்த்திகை நட்சத்திரத்தில் காப்புக் கட்டித் திருவிழா தொடங்கும். மொத்தம் பத்து நாள். ஒன்பதாம் நாள் பூரம் நட்சத்திரம். முழுநிலவும் சேர்ந்து வரும். அன்றுதான் பொங்காலை.

அன்று நம் ஊரைப் பார்த்தால் எப்படி இருக்கும்? ரயில் நிலையத்தின் முன்னால் அடுப்பு. பஸ் ஸ்டாண்டைச் சுற்றி அடுப்பு. கடை வாசலில் அடுப்பு. நாகர்கோவில், குழித்துறை, பாறசாலை என்று எல்லா ஊர்களிலிருந்தும் பெண்கள் ரயிலில் வந்து இறங்குவார்கள். சிறப்பு ரயில்களும் சிறப்புப் பேருந்துகளும் ஓடும். மாவட்டத்திற்கே விடுமுறை.

1997ஆம் ஆண்டு பொங்காலையில் 15 லட்சம் பெண்கள் கலந்துகொண்டதாகக் கின்னஸ் சாதனைப் புத்தகத்தில் பதிவானது. 2009ஆம் ஆண்டு அந்தக் கணக்கு 25 லட்சம் ஆனது. ஓர் இடத்தில் இத்தனை பெண்கள் கூடுவது உலகத்திலேயே பெரிய அதிசயம்.

இத்தனை பேருக்கும் தண்ணீர் வேண்டும். நிழல் வேண்டும். உட்கார இடம் வேண்டும். மணக்காட்டில் பள்ளிவாசல் வளாகத்தைத் திறந்து கொடுக்கிறார்கள். முஸ்லிம் வீட்டாரும் கிறிஸ்தவ வீட்டாரும் தங்கள் முற்றத்தில் அடுப்பு வைக்க இடம் தருகிறார்கள். மோரும் தண்ணீரும் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். "நீ எந்த ஜாதி? எந்த ஊர்?" என்று அன்று யாரும் யாரையும் கேட்பதில்லை.

கண்ணகி யார்?

ஆற்றுக்கால் அம்மனைக் கண்ணகி என்றே பக்தர்கள் நம்புகிறார்கள். கண்ணகி நம் தமிழ் மண்ணின் பெண். இளங்கோவடிகள் எழுதிய சிலப்பதிகாரம் அவள் கதையைச் சொல்கிறது. அந்தக் கதையைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

கண்ணகி பூம்புகாரில் பிறந்தவள். அவள் கணவன் கோவலன். கோவலன் மாதவி என்ற பெண்ணிடம் போய்ச் செல்வத்தை எல்லாம் இழந்தான். பிறகு மனம் மாறி வீட்டிற்கு வந்தான். பிழைப்புத் தேடி இருவரும் மதுரைக்கு நடந்தார்கள். கண்ணகியின் கால் சிலம்பு ஒன்றை விற்கக் கோவலன் கடைத்தெருவுக்குப் போனான். அரசியின் சிலம்பைத் திருடியிருந்த ஒரு பொற்கொல்லன், பழியைக் கோவலன் மேல் போட்டான். பாண்டிய மன்னன் விசாரிக்கவில்லை. கோவலனை வெட்டிக் கொன்றுவிட்டார்கள்.

கண்ணகி அழுதுகொண்டு மூலையில் உட்காரவில்லை. மற்றொரு சிலம்பைக் கையில் எடுத்துக்கொண்டு அரண்மனைக்குப் போனாள். அரசியின் சிலம்பில் முத்து இருந்தது. கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம் இருந்தது. சிலம்பை உடைத்தாள். உண்மை வெளியே வந்தது. மன்னன் அந்த இடத்திலேயே உயிர்விட்டான். கண்ணகியின் கோபத்தில் மதுரை எரிந்தது. அப்போதும் குழந்தைகளையும் முதியோர்களையும் எரிக்க வேண்டாம் என்றுதான் அவள் சொன்னாள்.

பிறகு கண்ணகி சேர நாட்டை நோக்கி நடந்தாள். சேரன் செங்குட்டுவன் இமயத்திலிருந்து கல் கொண்டுவந்து அவளுக்குக் கோவில் எடுத்தான் என்று சிலப்பதிகாரம் சொல்கிறது.

கொடுங்கல்லூருக்குப் போகும் வழியில் கண்ணகி இங்கே ஆற்றுக்காலில் தங்கினாள் என்பது நம் ஊர் நம்பிக்கை. அப்போது இந்த ஊர்ப் பெண்கள் அவளுக்குப் பொங்கல் பொங்கிப் படைத்தார்கள். அதன் நினைவாகவே இன்றும் பொங்காலை இடுகிறோம் என்கிறார்கள் பெரியவர்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். வந்தவள் யார்? கணவனை இழந்தவள். தனியாக வந்தவள். தலைவிரி கோலமாக வந்தவள். அவளைப் பார்த்து, "இவள் முகத்தில் விழித்தால் ஆகாது" என்று யாரும் கதவைச் சாத்தவில்லை. "இவள் சகுனம் சரியில்லை" என்று விரட்டவில்லை. அரிசியும் வெல்லமும் தேங்காயும் போட்டுப் பொங்கிக் கொடுத்தார்கள். மனம் கொதித்து வந்தவளுக்கு இனிப்புச் சோறு கொடுத்து ஆற்றினார்கள்.

இதுதான் பொங்காலையின் பொருள் என்று நான் நினைக்கிறேன்.

கோவிலும் துக்கம் காக்கிறது

திருவிழாவின் பத்து நாளும் கோவிலின் முன்னால் பச்சை ஓலைப் பந்தலில் தோற்றம் பாட்டுப் பாடுவார்கள். கண்ணகி கதையைத்தான் பாட்டாகப் பாடுகிறார்கள். சிலப்பதிகாரக் கதைக்கும் இந்தப் பாட்டுக் கதைக்கும் சில இடங்களில் வேறுபாடு உண்டு. கோவலனுக்கு இதில் பாலகன் என்று பெயர்.

ஏழாம் நாள், அவன் கொலையுண்ட பகுதியைப் பாடுவார்கள். அன்று காலை கோவில் நடையைத் தாமதமாகத்தான் திறப்பார்கள். ஏன் தெரியுமா? துக்கம். கணவனை இழந்த பெண்ணோடு சேர்ந்து கோவிலும் அன்று துக்கம் காக்கிறது.

ஒன்பதாம் நாள் காலை, பாண்டியன் வதைப்படும் பகுதியைப் பாடுவார்கள். அது முடிந்ததும் கருவறையிலிருந்து தீபம் வரும். அந்தத் தீபத்தால் கோவில் மடைப்பள்ளி அடுப்பைப் பற்ற வைப்பார்கள். பிறகு வெளியே இருக்கும் பண்டார அடுப்பு. செண்டை முழங்கும். வெடி வெடிக்கும். பெண்கள் குலவை இடுவார்கள். பண்டார அடுப்பிலிருந்து பக்கத்து அடுப்புக்கு நெருப்பு போகும். அங்கிருந்து அதற்கு அடுத்த அடுப்புக்கு. அப்படியே தெருத் தெருவாக நெருப்பு நடந்து வரும்.

நம் தம்பானூர் மாதிரி கொஞ்சம் தள்ளி இருக்கும் இடங்களில் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வரும். வரிசையில் முதல் அடுப்பைப் பற்ற வைப்பார்கள். அதிலிருந்து ஓலையில் பிடித்து அடுத்த அடுப்புக்குக் கொடுப்பார்கள்.

நம் கையில் தீப்பெட்டி இருக்கிறது. நாமே பற்ற வைத்துக்கொள்ளலாம். ஆனாலும் பக்கத்து அடுப்பில் இருந்து வாங்குகிறோம். வாங்கியதை அடுத்தவருக்குக் கொடுக்கிறோம். யாரும் தனியாக இல்லை என்று அந்த நெருப்பு சொல்கிறது.

2023ஆம் ஆண்டு நடந்தது

இனி நான் சொல்லப் போவது எங்கள் வீட்டுச் செய்தி. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்ல வேண்டும்.

கொரோனா காலத்தில் 2021, 2022 ஆகிய இரண்டு ஆண்டுகளும் தெருவில் பொங்காலை இல்லை. கோவிலில் பண்டார அடுப்பு மட்டும் எரிந்தது. நாம் எல்லோரும் அவரவர் வீட்டில் பொங்கினோம். 2023 மார்ச் 7ஆம் தேதிதான் மறுபடியும் தெருவில் அடுப்பு வைத்தோம்.

அந்த ஆண்டு எங்கள் அடுப்புக்கு இடது பக்கம் ஓர் அம்மா இருந்தார். நம் மையத்தில் படித்தவர். நான் அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அவர் அனுமதி வாங்கித்தான் இதைச் சொல்கிறேன். பெயர் மட்டும் சொல்ல வேண்டாம் என்றார்.

அத்தைக்கு வள்ளியூர்ப் பக்கம். கல்யாணம் முடித்து இங்கே வந்தவர். கணவர் கொத்தனார். சாரம் சரிந்து விழுந்து இறந்துவிட்டார். இரண்டு பெண் பிள்ளைகள். அத்தை ஒரு லாட்ஜில் துணி துவைத்துப் பிள்ளைகளை வளர்த்தார். மூத்த மகளுக்குக் கல்யாணம் நடந்தபோது, அத்தை மேடைக்கு வரவில்லை. பந்தல் ஓரத்தில், சமையல் நடக்கும் இடத்தில் நின்றுகொண்டார். பெற்று வளர்த்தவர் அவர். தாலி கட்டும் நேரத்தில் அவர் கையில் இருந்தது தேங்காய் துருவும் வேலை.

பொங்காலை அன்று பத்தரை மணிக்கு மேல் இருக்கும். வரிசையில் நெருப்பு வந்தது. அத்தையின் அடுப்பு பற்றியது. அடுத்தது எங்கள் அடுப்பு. அத்தை ஓர் ஓலையைப் பற்ற வைத்து எங்கள் பக்கம் நீட்டினார்.

என் அம்மா வாங்கவில்லை.

"இருக்கட்டும் மைனி. நாங்க அந்தப் பக்கத்தில இருந்து எடுத்துக்கிடுதோம்" என்றார்.

அம்மா குரலை உயர்த்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். அந்த மாதம் எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதுதான் காரணம் என்று எனக்குத் தெரியும். அத்தைக்கும் தெரியும்.

அத்தை கையை மடக்கவில்லை. ஓலை எரிந்து எரிந்து அவர் விரலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

நான் என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. வகுப்பில் உங்கள் முன்னால் நின்று மூடப்பழக்கம் கூடாது என்று பாடம் எடுப்பவள் நான். அன்று என் வாயில் ஒரு சொல் வரவில்லை. பானைக்குள் அரிசியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

எங்களுக்கு வலது பக்கம் ஒரு மலையாளத்துப் பாட்டி இருந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து எங்கள் அடுப்பைத் தாண்டிப் போனார். "இங்கோட்டு தா மோளே" என்று கையை நீட்டி அத்தையிடம் ஓலையை வாங்கினார். தன் அடுப்பைப் பற்ற வைத்தார். பிறகு என் அம்மாவைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை கேட்டார்.

"கண்ணகிக்கும் பர்த்தாவு போயதல்லே?"

கண்ணகிக்கும் கணவன் போய்விட்டான் அல்லவா என்று கேட்டார். அவ்வளவுதான். பிறகு அவர் பானையில் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார்.

எங்கள் அடுப்பு மட்டும் நடுவில் எரியாமல் இருந்தது. இந்தப் பக்கமும் நெருப்பு. அந்தப் பக்கமும் நெருப்பு. அந்தப் பக்கத்து நெருப்பும் அத்தையிடம் இருந்து வந்ததுதான். இனி எங்கே போய் வேறு நெருப்பு வாங்குவது?

அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு ஓர் ஓலையை எடுத்துக்கொண்டு எழுந்தார். அத்தையின் அடுப்புக்கு முன்னால் போய்க் குனிந்தார். "மைனி, தீ தாங்க" என்றார். அத்தை தன் அடுப்பிலிருந்து ஒரு விறகையே உருவிக் கொடுத்தார். இரண்டு பேருடைய கண்ணிலும் தண்ணீர். புகை என்று சொல்லிக்கொண்டார்கள்.

மங்கலம் எது?

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நாம் கும்பிடும் அம்மன் கணவனை இழந்து நின்றவள். அவளுக்குத் தாலப்பொலி எடுக்கிறோம். அவள் பெயரால் பிள்ளைகளுக்கு நல்ல வரன் கேட்கிறோம். ஆனால், நம் தெருவில் கணவனை இழந்த ஒரு பெண் நெருப்புக் கொடுத்தால் வாங்க மாட்டோம் என்கிறோம். இது என்ன நியாயம்?

ஒரு வீட்டில் கணவன் இறக்கிறான். நோய் இருக்கலாம். விபத்து இருக்கலாம். குடி இருக்கலாம். அதற்கு அந்தப் பெண் என்ன செய்வாள்? அவள் பூவைப் பிடுங்குகிறோம். பொட்டை அழிக்கிறோம். வளையலை உடைக்கிறோம். துக்கத்தில் இருப்பவளுக்கு நாமும் சேர்ந்து துக்கம் கொடுக்கிறோம்.

இந்தப் பழக்கத்தை மாற்ற முடியாதா? முடியும். மகாராஷ்டிரா மாநிலம் கோலாப்பூர் மாவட்டத்தில் ஹேர்வாட் என்று ஒரு கிராமம் இருக்கிறது. 2022 மே மாதம் அந்தக் கிராமப் பஞ்சாயத்து ஒரு தீர்மானம் போட்டது. கணவன் இறந்தால் மனைவியின் வளையலை உடைப்பதும் பொட்டை அழிப்பதும் இனி எங்கள் ஊரில் கூடாது என்று முடிவு செய்தார்கள். அதன்பிறகு, மற்ற ஊர்களும் இப்படிச் செய்ய வேண்டும் என்று அந்த மாநில அரசு சுற்றறிக்கை அனுப்பியது.

2023 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. ஈரோடு மாவட்டத்தில் கணவனை இழந்த ஒரு பெண்ணைக் கோவிலுக்குள் வரக் கூடாது என்று சிலர் தடுத்தார்கள். அவர் வழக்குப் போட்டார். இப்படித் தடுப்பது சட்டத்துக்கு விரோதம் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். நம் அம்மனே நமக்கு இதைத்தானே சொல்லித் தருகிறாள்? கண்ணகியை நம் மக்கள் எங்கெல்லாம் கும்பிடுகிறார்கள் பாருங்கள். இலங்கையில் முல்லைத்தீவு மாவட்டம் வற்றாப்பளையில் கண்ணகி அம்மனுக்கு வைகாசி மாதம் பெரிய பொங்கல் நடக்கிறது. அங்கே சிங்கள மக்கள் அவளைப் பத்தினி தெய்வம் என்று கும்பிடுகிறார்கள். தமிழ்நாடும் கேரளமும் சேரும் மலையில் மங்கலதேவி கோவில் இருக்கிறது. சித்திரைப் பௌர்ணமி அன்று இரண்டு மாநில மக்களும் அங்கே போகிறார்கள். பெயரைக் கவனியுங்கள். மங்கலதேவி! கணவனை இழந்து நின்றவளுக்கு மக்கள் வைத்த பெயர் அது.

அத்தை வீட்டுக் கல்யாணம்

2024ஆம் ஆண்டு அத்தையின் இளைய மகளுக்குக் கல்யாணம். சொந்தக்காரர்கள் வழக்கம்போல், "தாலி எடுத்துக் கொடுக்க ஒரு சுமங்கலியைக் கூப்பிடு" என்றார்கள். மகள் ஒத்துக்கொள்ளவில்லை. "எங்கம்மா எடுத்துக் கொடுத்தாத்தான் நான் கழுத்தை நீட்டுவேன்" என்றாள். பேச்சு நீண்டது. இரண்டு பேர் சாப்பிடாமல் எழுந்து போனார்கள். அத்தை நடுங்கிக்கொண்டே மேடை ஏறினார்.

என் அம்மா அவர் கையைப் பிடித்து ஏற்றிவிட்டார்.

கல்யாணத்தைப் பதிவு செய்யும்போது சாட்சிக் கையெழுத்து வேண்டும் அல்லவா? அத்தையும் கையெழுத்துப் போட்டார். நம் மையத்தில் கற்றுக்கொண்ட எழுத்து அது. மேடையில் கை நடுங்கியது. கையெழுத்துப் போடும்போது நடுங்கவில்லை.

சாப்பிடாமல் போன இருவரும் இன்னும் அத்தையோடு பேசுவதில்லை. எல்லாம் ஒரே நாளில் மாறிவிடாது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நாம் என்ன செய்யலாம்?

இந்தப் பொங்காலைக்கு நான் உங்களிடம் மூன்று வேண்டுகோள் வைக்கிறேன்.

ஒன்று. வரிசையில் யார் நெருப்பு நீட்டினாலும் வாங்குங்கள். நீங்களும் எல்லோருக்கும் கொடுங்கள்.

இரண்டு. பாதுகாப்பாக இருங்கள். பருத்திச் சேலை கட்டுங்கள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். குழந்தையின் பெயரையும் உங்கள் போன் நம்பரையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் குழந்தையின் சட்டைப் பையில் வையுங்கள். உங்கள் கையாலேயே எழுதுங்கள். இப்போது உங்களுக்கு எழுதத் தெரியும். சாப்பிட வீட்டிலிருந்தே தட்டும் டம்ளரும் கொண்டு வாருங்கள். பொங்கி முடித்ததும் செங்கலை உடைக்காமல் ஓரமாக அடுக்கி வையுங்கள். மாநகராட்சி அந்தச் செங்கலை எடுத்து, வீடு இல்லாத ஏழைகளுக்கு வீடு கட்டப் பயன்படுத்துகிறது. நம் அடுப்புக் கல் ஒருவர் வீட்டுச் சுவராகட்டும்.

மூன்று. இதுதான் முக்கியம். உங்கள் வீட்டில் கல்யாணம் வரலாம். வளைகாப்பு வரலாம். பால் காய்ச்சும் நாள் வரலாம். அன்று கணவனை இழந்த பெண்ணை, அவர் உங்கள் அம்மாவோ அக்காவோ பக்கத்து வீட்டுக்காரரோ யாராக இருந்தாலும், முன்வரிசைக்குக் கூப்பிடுங்கள். அவர் கையால் குங்குமம் வாங்குங்கள். அவர் தயங்குவார். நீங்கள் தயங்காதீர்கள். நான் 2023ஆம் ஆண்டு வாய் மூடி உட்கார்ந்திருந்தது போல நீங்கள் இருக்க வேண்டாம்.

பொங்கல் பொங்கி வழியும்போது குலவை இடுகிறோம். பானைக்குள் இருந்த சோறு விளிம்பைத் தாண்டி வெளியே வருகிறது. நம் பக்தியும் அப்படித்தான் இருக்க வேண்டும். கோவில் வாசலோடு அது நின்றுவிடக் கூடாது. அடுத்த வீடு வரைக்கும் வர வேண்டும்.

கடைசியாக அந்த இரண்டு பெயர்கள். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ரோட்டில் தமிழில் எழுதியிருப்பது என் அம்மா பெயரும் அத்தை பெயரும்தான். அம்மா போய் இடம் பிடித்தார். எழுதியது அத்தை.



கலந்து பேசுவோம்

1. பொங்காலையில் பக்கத்து அடுப்பிலிருந்து ஏன் நெருப்பு வாங்குகிறோம்?

2. நெருப்பை வாங்காத அம்மாவின் பயம் என்ன? அந்தப் பயம் நியாயமானதா?

3. கணவனை இழந்த பெண்களை உங்கள் ஊர்க் கல்யாணங்களில் எப்படி நடத்துகிறார்கள்? அதில் எதை மாற்றலாம்?